செபநாயகம் கடைப் பச்சைமீன்

இல்லை ஐயா, பச்சைமீன் நாறாது. நாறுவது பழைய மீன். நேற்று வந்த ஐயாவுக்கும் இதைத்தான் சொன்னேன்; அவர் எழுதிக்கொள்ளவில்லை. நீங்கள் எழுதுகிறீர்கள். நல்லது.

சிங்கப்பூரில் துறைமுகக் கந்தோர் ஒன்றில் இரண்டு வருஷம் கிளாக்கராக இருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒரு யப்பான்காரர் கடை இருந்தது. ஒரு நீளப் பலகை; அந்தப் பக்கம் ஒரு கிழவர், இந்தப் பக்கம் ஆறு பேர். கிழவர் இளஞ்சூட்டுச் சோற்றை விரலுக்குள் உருட்டி, மேலே பச்சைமீனை மெல்லிய சீவலாக வைத்து, நேரே நம் முன்னால் வைப்பார். முதல் நாள் எனக்குக் குமட்டியது. இரண்டாம் நாளும் போனேன். மூன்றாம் கிழமை, நான் வாசலில் கால் வைத்ததுமே கிழவர் கத்தியை எடுத்தார். ஒருவர் நம்மைக் கண்டதும் கத்தியை எடுப்பதில் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று நான் அதற்கு முன் நினைத்ததில்லை.

போன வருஷம், முப்பத்தெட்டுத் தையில், அப்பாவின் செத்தவீட்டுக்கு அச்சுவேலிக்கு வந்தேன். தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று அம்மா அழுதார். நின்றுவிட்டேன். புகையிலைக்குத் தண்ணீர் இறைத்துவிட்டு வந்து சோற்றுக்கு முன்னால் இருந்தால், என் நாக்கு மட்டும் சிங்கப்பூரில் இருக்கும்.

தொண்டைமானாற்றில், ஆறு கடலோடு சேரும் இடத்துக்குக் கிட்டச் செபநாயகம் அண்ணையின் சாப்பாட்டுக் கடை. கிடுகுக் கூரை, சோறு, மீன்குழம்பு, பொரியல். அவர் வலை இழுத்த ஆள், கிறிஸ்து வேதக்காரர். நாங்கள் தோட்டக்காரர், சைவ சமயம். அவர்கள் கையால் நான் சாப்பிட்டது தெரிந்தால் வீட்டில் படி ஏறவிடமாட்டார்கள். நான் சாப்பிட்டேன். வீட்டுக்கு ஒளித்துச் சாப்பிட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் அவர்களை எவ்வளவு நம்பினேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

"பச்சையாவோ?" என்றார் செபநாயகம் அண்ணை. "தம்பி, நாங்கள் பூனைக்குத்தான் பச்சையாக் குடுக்கிறது."

"பூனைக்கு ருசி தெரியும் அண்ணை."

சிரித்துவிட்டுக் கத்தியைத் தீட்டினார். அப்படித்தான் தொடங்கியது. நம் சிவப்பரிசிச் சோறு உருளாமல் இரண்டு கிழமை உதிர்ந்தது. குழைய விட்டு, கள்ளு வினாகிரி தெளித்து விசிறினோம், உருண்டது. யப்பான்காரர் வைக்கும் பச்சைக் காரம் இங்கே இல்லை. அதற்குப் பதிலாகக் கடுகை நானே வீட்டில் அரைத்துச் சிரட்டையில் கொண்டுபோவேன். அது மட்டும் என் பொறுப்பு. எங்கள் வெயிலை நினைத்து, மீனில் தேசிக்காய்ப் புளி நிறையப் பிழியச் சொன்னேன். அவருடைய மனைவி சின்னத்தங்கம் அக்கா அறக்குளா மீனைச் சீவி உள்ளேயிருந்து தட்டில் அனுப்புவார். அண்ணை உருட்டி என் கையில் வைப்பார். முதல் உருண்டை எப்போதும் எனக்குத்தான்.

சாப்பிட வந்தவர்களின் முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. வெங்காய வியாபாரி முருகேசு முதல் உருண்டையை வாயில் வைத்துவிட்டு, விழுங்கவும் தெரியாமல் துப்பவும் தெரியாமல் கண்ணில் நீர் வர நின்றார். தபாற்கந்தோர் அருளம்பலத்தார் ஒன்பது தின்றார். நான் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பேன்: உடனே சப்ப வேண்டாம், நாக்கில் கொஞ்சம் வைத்திருங்கள், கண்ணை மூடுங்கள். கடல் வாய்க்குள் வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லியடியிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். என்னால் ஒரு கடை நிறைகிறது என்று நினைத்தேன். சரிதான், என்னால்தான் நிறைந்தது.

மாசியில் ஒரு நாள் சைக்கிள் ரயர் காற்றுப் போய், கடைக்குப் பின்பக்கத்து ஒற்றையடிப் பாதையால் உருட்டிக்கொண்டு வந்தேன். வேலியில் ஓலை விலகியிருந்தது. சின்னத்தங்கம் அக்கா அடுப்படியில் குந்தியிருந்தார். சட்டியில் மஞ்சள் போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சீவிய அறக்குளாவை அகப்பையில் அள்ளி, கொதிதண்ணீரில் அமிழ்த்தி எடுத்து, தேசிக்காயைப் பிழிந்தார். மஞ்சளில் போடாத மீனை வீட்டுக்குள் எடுக்காத பெண்கள், ஐயா, எங்கள் பெண்கள். எனக்கு அது தெரியும். மீனில் இருந்த மெல்லிய மஞ்சள் நிறத்தை ஒரு வருஷமாகக் கடுகின் நிறம் என்றே நினைத்திருக்கிறேன்.

உள்ளே முருகேசு சொன்னார்: "பொடியன் இண்டைக்கும் கண்ணை மூடுவானோ?"

"மூடாமல்? போன கிழமை, கடல் வாய்க்குள்ளை நிக்குது எண்டவனெல்லே," என்றார் அருளம்பலத்தார்.

"கடலோ? உது சின்னத்தங்கத்தின்ரை சுடுதண்ணி."

செபநாயகம் அண்ணையின் சிரிப்புத்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது.

"சிரிக்காதையுங்கோ," என்றார் அக்கா. "அந்தத் தம்பி பச்சையாத் திண்டு வயித்தாலை போய்க் கிடந்தா, தாய் என்னையெல்லே கேப்பா. அது சந்தோசமாத் திண்டிட்டுப் போகட்டும்."

அந்தக் கடைசி வார்த்தையை நான் பல நாள் யோசித்தேன்.

முன்பக்கத்தால் போய் என் இடத்தில் இருந்தேன். அண்ணை உருட்டித் தந்தார். கண்ணை மூடித் தின்றேன்.

"எப்பிடித் தம்பி?"

"போன கிழமையைவிடத் திறம்," என்றேன்.

முருகேசு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

என் நாக்கில் பிழையில்லை, ஐயா. தேசிக்காய்ப் புளி எந்த மீனையும் வெளிறச் செய்யும், அதற்குமேல் கடுகு. எந்த நாக்கும் ஏமாறும். இதையும் எழுதுங்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதம் வழமைபோலப் போனேன், தின்றேன், கண்ணை மூடினேன். பிறகு ஒரு நாள் அண்ணையைத் தனியே ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், எல்லாம் தெரியும், பரவாயில்லை என்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். கடையிலிருந்து எங்களைப் பார்த்துவிட்டு அக்கா ஓடிவந்து அழுதார். "மனசிலை வைச்சிராதையுங்கோ தம்பி. பகிடிக்கெண்டு தொடங்கினது, நிப்பாட்டத் தெரியேல்லை."

"ஒருக்கா மட்டும் எல்லாரும் உண்மையாப் பச்சையாச் சாப்பிடுவம்," என்றேன். "நீங்களும் இருங்கோ அக்கா. முருகேசண்ணையும் அருளம்பலத்தாரும் வரட்டும். வேறை ஒண்டும் வேண்டாம்."

எங்கள் கரையில் பேத்தை என்றொரு மீன் உண்டு. வலையில் வந்தால் வயிற்றை ஊதிக்கொண்டு கிடக்கும். கரையார் அதை மணலில் எறிந்துவிடுவார்கள், நாயும் தொடாது. சிங்கப்பூர்க் கிழவர் கையால் பேசியே அதைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார்: சதை பரவாயில்லை, ஈரல் நஞ்சு. செபநாயகம் அண்ணை கடலில் வளர்ந்தவர்; பேத்தைச் சதையைத் துண்டாகக் கண்டாலும் அடையாளம் கண்டிருப்பார். ஆனால் கடுகோடு என்ன அரைபடுகிறது என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. அது என் பொறுப்பு.

போன ஞாயிறு, பூசை முடிந்த பிறகு, ஐந்து பேரும் பலகையைச் சுற்றி இருந்தோம். முதன்முறையாக அக்காவும் எங்கள் பக்கத்தில் வந்து இருந்தார். புதுச்சேலை உடுத்திருந்தார்.

"சோறும் பக்கத்து வீட்டிலை வடிச்சது, இண்டைக்கு அடுப்பே மூட்டேல்லைத் தம்பி," என்றார் அண்ணை. "வந்து பாருங்கோ."

நான் போய்ப் பார்க்கவில்லை. நம்பினேன்.

எல்லாருக்கும் தாராளமாகக் கடுகு வைத்தேன். எனக்கு மட்டும் வேண்டாம், மீனைத் தனியே ருசிக்க வேண்டும் என்றேன். அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு தின்றார். கொஞ்ச நேரத்தில் உதடு விறைக்கிறது என்றார். கடுகுதான் என்றேன். முருகேசு இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ சொன்னது சரி. கடல் வந்து நிக்குது," என்றார். பகிடி பண்ணவில்லை, நாக்குத்தான் புரளவில்லை. அருளம்பலத்தார் எழும்பப் பார்த்தார், கால் வரவில்லை. வண்டில் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கலாம். நான் தட்டுகளைக் கழுவினேன். மூன்று பேர் அங்கேயே முடிந்துபோனார்கள். அருளம்பலத்தாருக்கு இன்னும் பேச்சு வரவில்லை என்கிறீர்கள். ஆம் ஐயா, நான்தான் செய்தேன். நான்கு பேருக்கும் வேண்டுமென்றே கொடுத்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு நித்திரையைக் கெடுக்கிறது. அன்றைக்கு நான் தின்ற உருண்டையும் அந்த ஒரு வருஷம் தின்ற உருண்டைகளும் எனக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன. துளி வித்தியாசமில்லை. அப்படி இருக்க முடியாது. அப்படியென்றால் அந்த அழுகை, அந்தப் புதுச்சேலை எல்லாம் வைத்துக்கொண்டு, கடைசி நாளும் அவர்கள் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். அக்காவைக் கேட்க இனி வழியில்லை. பொலிஸ்காரரில் முதலில் அந்த அடுப்படிக்குள் போனவர் நீங்கள்தான், சாம்பலில் கை வைத்தும் பார்த்திருப்பீர்கள்; உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், அன்றைக்கும் அந்த மனுஷி மீனைச் சுடுதண்ணீரில் போட்டுத்தானே எடுத்திருக்கிறார்?