இரண்டு டிஸ்க், பதினோரு பெயர்கள்

கம்ப்யூட்டரின் டிஸ்குகளை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் கார்டு வாங்கப் போகிறவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான். பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் படிக்காதீர்கள். அந்தக் கார்டை லினக்ஸில் ஓட வைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதியவர்களுக்கு, கம்பெனிக்காரன் உள்விவரங்களைக் கொடுத்தானா என்று விசாரியுங்கள். கொடுத்திருந்தால் வாங்குங்கள். கொடுக்காமல், யாரும் திறந்து பார்க்க முடியாத டிரைவர் ஒன்றைத் தானே அனுப்பியிருந்தால் விட்டுவிடுங்கள்.

இருபது பேருக்காவது இதைச் சொல்லியிருப்பேன். ஒருவனுக்கு மட்டும் மாற்றிச் சொன்னேன். அதைக் கேட்கத்தானே ரத்த வங்கியிலிருந்து உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? உட்காருங்கள். ஃபேனைக் கூட்டி வைக்கிறேன்.

சாய்பிரசாத் நல்ல பையன். எங்கள் சௌராஷ்டிரக் குடும்பம்தான், தூரத்து உறவு. இருபத்து நான்கு வயது. ரத்த வங்கியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து, பதினான்காயிரம் கொடையாளர்களின் விவரங்களை லினக்ஸில் ஏற்றியவன் அவன். ஏற்றி முடித்ததும் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டியூட்டோரியல் மாடியில் லினக்ஸ்காரர்கள் கூடுவோம். இந்த வருடம் பொங்கலுக்கு அடுத்த கூட்டத்தில் ஒரு கார்டைப் பற்றி நான் எச்சரித்துக்கொண்டிருந்தேன். சாய்பிரசாத் எழுந்தான்.

“அண்ணே, அது ரெண்டு வெர்ஷனுக்கு முந்தின கதை. அதைச் சரி பண்ணிட்டாக.”

அவன் சொன்னது சரி. பின்வரிசையில் இருந்த மருது, “என்ன அண்ணே, பழைய பஞ்சாங்கமா இருக்கீக?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. பெரிதாக வேறு ஏதாவது இருக்கும் என்று நீங்கள் தேட வேண்டாம்.

அடுத்த மாதமே அவன் என்னிடம் யோசனை கேட்டு வந்தான். அவனுக்கு மனதில் ஒன்றும் இல்லை. வங்கிக்கு இரண்டு டிஸ்க் போட வேண்டும், இரண்டிலும் ஒரே விவரம் இருக்கும், ஒன்று கெட்டால் மற்றது காப்பாற்றும், எந்தக் கார்டு நல்லது என்றான். கடையிலிருந்து இரண்டு கார்டுகளை இரவல் வாங்கிக் கொண்டுவரச் சொன்னேன். சோதித்துப் பார்க்கக் கொடையாளர் பட்டியலின் நகல் ஒன்றையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் சோதித்தேன். அவசரப்படுவது என் வழக்கமில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரத்தைப் பிடுங்குவேன், திரும்பக் கொடுப்பேன். முதல் கார்டு நாற்பது தடவையும் பிழைத்துக்கொண்டது. இரண்டாவது கார்டு ஏழாவது தடவையில் ஒரு காரியம் செய்தது. ஒரு டிஸ்க் குழம்பிப்போனதும், நல்ல டிஸ்கிலிருந்து அதைச் சரிசெய்வதற்குப் பதிலாக, குழம்பியதை எடுத்து நல்லதன் மேல் எழுதிவிட்டது. பிறகு எல்லாம் சரி என்று பச்சை விளக்கும் காட்டியது.

இரண்டாவதை வாங்கச் சொன்னேன்.

“அண்ணே, மாசம் ஒரு தடவை சி.டி.யில ஒரு காப்பி எடுத்து வச்சிரவா?” என்று கேட்டான்.

“ரெண்டு டிஸ்க் இருக்கையில எதுக்கு மாப்ள? நம்ம மிசினை நாமளே நம்பலைன்னா எப்படி?”

அவன் நம்பினான். ஒரு தடவை அசிங்கப்படட்டும் என்பதற்கு மேல் அப்போது எனக்கு எண்ணமில்லை. இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு மின்சாரம் போய்ப் போய் வந்தது. கார்டு தன் வேலையைச் செய்தது. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வங்கிக்கு போன். அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பெண், திவ்யா, முதல் பிரசவம். குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குப் பம்பாய் வகை ரத்தம். ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவருக்குத்தான் இருக்கும். அதே வகைதான் ஏற்ற முடியும். நம் பக்கத்தில் அந்த வகைக்காரர்கள் பதினோரு பேர் பட்டியலில் இருந்தார்கள். சாய்பிரசாத் பட்டியலைத் திறந்தான். வெறும் கிறுக்கல்.

ஒரு மணிக்கு என் வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றது. சாய்பிரசாத்தும், பின்னால் அந்தப் பெண்ணின் கணவர் உக்கிரபாண்டியும். சாய்பிரசாத் பதற்றத்தில் எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசினான். சோதிக்கக் கொடுத்த நகல் இருக்கிறதா என்று கேட்டான். பக்கத்தில் இருப்பவருக்கும் புரிய வேண்டுமே என்று நான் தமிழில் பதில் சொன்னேன்.

“அன்னைக்கே அழிச்சிட்டேனே மாப்ள. அடுத்தவுக விவரத்தை வீட்டுல வச்சிக்கிறது தப்பில்லையா?”

உக்கிரபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, ஒரு பேராச்சும் ஞாபகம் இருக்கா? ஊரு பேரு சொன்னாக் கூடப் போதும். எம்புட்டுத் தூரம்னாலும் போயிக் கூட்டியாந்துருவேன்.”

“இல்லையே தம்பி. வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிக்கிறீகளா?”

குடிக்கவில்லை. போய்விட்டார்கள்.

உள்ளறையில் என் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பட்டியலைத் திறந்தேன். பதினோரு பெயர்களும் இருந்தன, போன் நம்பர்களோடு. நான்காவது ஆள் டி. கல்லுப்பட்டியில் வாத்தியார். ஏழாவது ஆள் இதே வில்லாபுரம். இங்கிருந்து நான்கு தெரு. நடந்தே போயிருக்கலாம். சாய்பிரசாத் போய் அப்போது ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது; கூப்பிட்டால் திரும்பியிருப்பான். ஆனால் இல்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்ட பிறகு, இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பெங்களூரிலிருந்து ஒரு யூனிட் ரத்தம் காரில் கிளம்பியது. அது திண்டுக்கல்லைத் தாண்டியபோது நாலரை மணி. அதன் பிறகு அதற்கு அவசியம் இருக்கவில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது, பெண் குழந்தை.

என்ன கோளாறு என்று எழுதித்தர வங்கி என்னைத்தான் கேட்டது. நான்கு பக்கம் எழுதினேன். கார்டு தவறானது, நகல் எடுத்து வைக்கப்படவில்லை, பொறுப்பு சாய்பிரசாத்துடையது. தொழில்நுட்பமாக அதில் ஒரு வரியைக்கூட யாரும் மறுக்க முடியாது. அவனும் மறுக்கவில்லை. யார் சொல்லி வாங்கினான் என்று அவனைக் கேட்டபோது, முடிவு தன்னுடையது என்று சொன்னானாம். வேலையை விட்டுவிட்டான். இப்போது கம்ப்யூட்டரையே தொடுவதில்லை என்று கேள்வி.

அவன் இடத்தில் நான் சேர்ந்தேன். முதல் கார்டை வாங்கிப் போட்டேன். பாழான டிஸ்கிலிருந்து மீட்டேன் என்று சொல்லிப் பட்டியலைத் திரும்ப ஏற்றினேன். பொன்னாடை போர்த்தினார்கள். அதற்குப் பிறகு அந்தப் பதினோரு பேரால் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கின்றன. அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது ஃபைலின் தேதியைத்தான், இல்லையா? மீட்டதாகச் சொன்ன பட்டியலில், அந்த டிஸ்க் வங்கிக்கு வருவதற்கு முன்பே, சாய்பிரசாத் எனக்கு நகல் கொடுத்த நாளின் தேதி இருக்கிறது. அதை மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும், அரை நிமிட வேலை. நான் மாற்றவில்லை. பதிவு ஒன்று செய்தால் அதில் பொய் கலக்கக் கூடாது. அந்த விஷயத்தில் நான் கண்டிப்பானவன்.