ஆறு குழி மைதானத்தின் மரியாதைகள்

கோல்ஃப் பழக வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன செருப்புப் போட வேண்டும் என்றுதான். எங்கள் மைதானத்துக்கு எந்தச் செருப்பும் போதும். ஆறே குழி, நீளமானதே எண்பது கெஜம்தான். மூன்று மட்டை இருந்தால் முக்கால் மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம்.

என் பெயர் இராமகிருஷ்ணன். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகப் போர்மேன். சரக்கு வாங்க வரும் வெளியூர் வியாபாரிகளுக்குப் பொழுது போக வேண்டும் என்று முதலாளி, கம்பெனியை ஒட்டிய தன் கரிசலில் புல் வளர்த்து இந்த மைதானத்தைப் போட்டார். புதியவர்களுக்கு ஆட்டத்தின் ஒழுங்கைச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது, சார். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் பேசக் கூடாது. மட்டை பெயர்த்த புல்லை எடுத்த இடத்திலேயே வைத்து மிதித்துவிட வேண்டும். முன்னால் ஆடுகிறவர்கள் குழியை விட்டு நகரும்வரை பொறுக்க வேண்டும். பந்து ஆள் இருக்கும் பக்கம் போனால் உடனே சத்தம் போட வேண்டும். இத்தனை மரியாதையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

கடைசி விதியில்தான் சிக்கல் வந்தது. நான்காவது குழிக்குப் பின்னால் கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் மணி மருந்து காயவைக்கும் மேடை. மணி மருந்து என்பது வானத்தில் கலர் விடும் உருண்டை, உரசினாலே பற்றும். பட்டாசுக் கம்பெனியில் யாராவது சத்தம் போட்டால் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள், போட்டது போட்டபடி ஓடுவார்கள். வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். மைதானத்துச் சத்தத்துக்கும் மேடையிலிருந்த ஐந்து பெண்கள் அப்படியே ஓடினார்கள். ஒரே வாரத்தில் நாலு தடவை. சீசன் நேரம், லோடு நின்றது. வியாபாரிகளும் மிரண்டார்கள். உயரமாக வலை கட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்காது என்று முதலாளி சொன்னார். எனக்கும் அது சரியென்று பட்டது.

அதனால் ஐந்து பேரையும் கூப்பிட்டு, வேலிப் பக்கமிருந்து வரும் சத்தத்துக்கு இனி எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் மறுநாள் வேலை கிடையாது என்றேன். வேலுத்தாய் மட்டும் கேட்டாள்.

"நெசமாவே ஆபத்துன்னா எங்களுக்கு எப்படித் தெரியும், அண்ணாச்சி?"

"எங் கையப் பாரு. நான் காட்டுனா ஓடு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. பத்து வருடமாக என்னிடம் வேலை பார்த்தவள்.

ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. விக்னேஷ்குமார் என்று ஒரு மதுரை வியாபாரி, அன்றுதான் மட்டையைத் தொட்டவர். தலையை நிமிர்த்தாமல் அடிக்கச் சொன்னேன், நிமிர்த்திவிட்டார். பந்து வேலிக்கு மேலே ஏறியது. சொல்லிக்கொடுத்தபடி உடனே சத்தம் போட்டார், நல்ல சத்தம். மற்ற நாலு பெண்களும் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள். தட்டில் மணியைக் கிளறிக்கொண்டிருந்த வேலுத்தாய் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பந்து எங்கே விழும் என்று எனக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. நான் உள்ளங்கையைத் தாழ்த்தி, இரு என்று காட்டினேன். வந்தவர் முதல் ஆர்டர் கொடுக்க வந்தவர். அவர் கண்முன்னால் இவள் விழுந்தடித்து ஓடினால் நன்றாக இருக்காதே என்று மட்டும்தான் தோன்றியது. அவள் மறுபடியும் குனிந்தாள். பந்து அவள் தட்டிலேயே விழுந்தது.

அவள் இரும்புக் கரண்டியால் கிளறியதால்தான் உரசித் தீப்பற்றியது என்று முதல் விசாரணையில் எழுதிக் கொடுத்தேன். அது பொய். நீங்கள் மறுபடியும் கேட்பதால் சொல்கிறேன், மரக்கரண்டிதான்.

ஆஸ்பத்திரி வாசலில், உடலை வாங்கக் காத்திருந்த அவள் மகள் அனுப்பிரியா என்னிடம் வந்தாள். "எங்கம்மா சின்னச் சத்தத்துக்கே ஓடிருவாக. அன்னிக்கு மட்டும் ஏன் ஓடல?" என்றாள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சீல் வைத்த கம்பெனி மூன்று மாதத்தில் திறந்தது. மைதானமும்தான். முதலாளியிடம் பேசி, அனுப்பிரியாவுக்கு அதே மேடையில் வேலை வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குடும்பத்துக்கு என்னால் முடிந்தது. தாயைவிடக் கெட்டிக்காரி, சார். வேலிப் பக்கம் எவ்வளவு சத்தம் கேட்டாலும் அவள் என்னைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.