எழுபது வளைவு நாடகம்

அப்புசாமி: ...மெதுவா ஓட்டு மாப்ள. எறங்கும்போதுதான் பறந்தே. ஏறும்போதாவது மலையைப் பாத்துக்கறேன்.

தனபால்: பேசாம வாங்க மாமா. நல்லா மூச்சு விடச் சொல்லித்தான டாக்டர் அனுப்புனாரு?

அப்புசாமி: நான் அதைப் பேச்சா விடறேன். இது எத்தனாவது வளைவு?

தனபால்: ஒம்போது. இன்னும் அறுவத்தொண்ணு இருக்குது.

அப்புசாமி: போதும். கேட்டுக்க. ஞாயித்துக்கெழம மேல நம்மூரு செம்மேட்டு நாடக மேடையில உனக்குத் துண்டு போத்தறேன். ‘என் உசுரைக் காப்பாத்துன சாமி’ன்னு மைக்குல சொல்லப்போறேன்.

தனபால்: துண்டெல்லாம் வேண்டாங்க.

அப்புசாமி: ஆகா! வேண்டாம்னுட்டியே! நம்ம நாடகத்துல அந்தச் சொல்லே கெடையாதே.

தனபால்: இது ஜீப்புங்க மாமா. மேடையில்ல.

அப்புசாமி: பத்து வருசமா வசனம் எழுதாம ஆடறோம். ஜனங்க ஒரு சொல்லு குடுப்பாங்க. ஒருத்தன் பொய் சொல்லுவான், அடுத்தவன் ‘ஆமாங்க’ன்னு வாங்கி மேல ஒண்ணு ஏத்துவான். மறுத்தவன் தோத்தான். பொழப்பே எனக்கு அப்படிப் பழகிருச்சு. மழை பேஞ்சா ஆமாங்க, மொளகுல நோவு விழுந்தா ஆமாங்க...

தனபால்: அத்தை திட்டுனா?

அப்புசாமி: அதுக்கு ரெண்டு ஆமாங்க... அன்னைக்கு என்ன சொல்லு குடுத்தாங்க?

தனபால்: பலாப்பழம். முன்வரிசையில ருக்குமணி அக்கா கத்துச்சு.

அப்புசாமி: முழுப் பழத்தை முழுங்கிட்டேன், நெஞ்சடைக்குதுன்னு விழுந்தேன். நீ...

தனபால்: ‘ஆமாங்க, காம்பு வாயில தெரியுது, ஆஸ்பத்திரிக்குப் போலாம்’னு தோள்ல தூக்குனேன்.

அப்புசாமி: ஜனம் கைதட்டுது. நீ ஜீப்புல போட்டு ஓட்டியே வந்துட்டே. இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ஆளு இல்லேன்னாரு டாக்டர். அத்தனை சிரிப்புக்கு நடுவுல உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

தனபால்: வளைவு வருது, புடிச்சுக்கங்க மாமா.

அப்புசாமி: என்ன, கண்ணுல தண்ணி? ரோட்டைப் பாரு கண்ணு.

தனபால்: மாமா... எனக்குத் தெரியாதுங்க.

அப்புசாமி: என்னது?

தனபால்: நாடகம்னுதான் ஓட்டுனேன். ஒவ்வொரு வளைவுலயும், இப்ப நிறுத்தச் சொல்லுவீங்க, நான் ஜெயிச்சுரலாம்னு பாத்தேன். நீங்க சொல்லலை. நானும் விடலை.

அப்புசாமி: ஆஸ்பத்திரியிலயுமா?

தனபால்: ஊசி போட்ட நர்சம்மாவைக்கூட, நம்மளை விட நல்லா நடிக்குதேன்னுதான் நெனச்சேன்... பேப்பர்ல கையெழுத்துக் கேட்டாங்க பாருங்க, அப்பத்தான் இது நாடகமில்லைன்னு தெரிஞ்சுது. பத்து நாளாத் தூக்கமில்லீங்க. துண்டு போத்தற ஆளு நானில்லை.

அப்புசாமி: ...இது எத்தனாவது வளைவு?

தனபால்: இருவத்திமூணு. ஏனுங்க, கோவமா?

அப்புசாமி: நிறுத்து. அந்தப் பாறை ஓரமா...

தனபால்: ஐயோ, மறுபடி வலிக்குதுங்களா? நெஜமாச் சொல்லுங்க மாமா!

அப்புசாமி: இல்ல சாமி. துண்டு ரெண்டா வாங்கணும், ஒண்ணு இந்தப் பாறைக்கு. அன்னைக்கு எறங்கையில, நெஞ்சு நெஜமா வலிச்சது இங்க வந்துதான். மேலயே நீ நிறுத்தியிருந்தா வலி வந்தப்ப ஆஸ்பத்திரி எட்டாம மேலயே செத்திருப்பேன்... உச்சியில இருந்து இது வரைக்கும் நானும் நடிச்சுக்கிட்டேதான் வந்தேன் மாப்ள, நீ ‘இல்லே’ன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்கவே கூடாதுன்னு.