உடையாத தேங்காயும் உடைந்த ஓடுகளும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவன உரிமையாளர், பெருமதிப்பிற்குரிய தாணுமாலையன் அவர்களே! மாலைக்கும் பொன்னாடைக்கும் நடுவே முகம் மட்டும் தெரிய வீற்றிருக்கும் மேலாளர் ஷிபு அவர்களே! கிழக்கேகோட்டையின் பெரியோர்களே! கழக்கூட்டத்துக் கிடங்கில் என்னோடு கயிறு முறுக்கிக் கை காய்த்து, இன்று நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் தாய்மார்களே! அனைவருக்கும் கலைச்செல்வியின் வணக்கம்.

மஸ்கட்டில் எழும் ஓய்வு விடுதிக்கு நம் மண் ஓடுகள் கப்பலேறிச் சென்றதற்கு இந்த வெற்றி விழா. தொழிலாளர் சார்பில் மூன்று நிமிடம் நன்றி சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். யாருக்குச் சொல்வது என்பதில்தான் சின்னச் சிக்கல்.

அறுபது மரப்பெட்டிகள். ஓடுகளைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, இடையிடையே கயிறு கொடுத்து, பெட்டியை ஆட்டி, அதில் காதை வைத்துக் கேட்டு, "சத்தமில்ல, ஆணி அடிங்க" என்று சொன்னவர் யார்? கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாரே வன்னியபெருமாள் அண்ணாச்சி, அவர்! நெடுஞ்சாலைப் பள்ளங்கள் குலுக்கின, உடையவில்லை. கடல் புரட்டியது, அப்போதும் உடையவில்லை. பின் எதில்தான் உடைந்தது?

பக்தியில் உடைந்தது, பெரியோர்களே!

வழியனுப்பும் நாள். விடுதிக்காரர் மஸ்கட்டிலிருந்து வீடியோவில் பார்க்கிறார். ஷிபு சார் குளித்து, சந்தனம் தொட்டு, தேங்காயோடு வந்தார். ஊரார் லாரிக்கு முன்னால் தரையில் உடைப்பார்கள். அது சாதாரண மனிதருக்கு! விடுதியின் பெயர் எழுதிய பெட்டியின் மேலேயே உடைப்பேன் என்றார் இவர். அண்ணாச்சி பதறினார்.

"சார், உள்ள ஓடுல்லா இருக்கு! தரையில அடிங்க சார்."

"எடோ பெருமாளே, நல்ல காரியம் செய்யும்போ எதிரு பறையாதே!" என்று எதிர்ப்பேச்சை அடக்கினார்.

அடித்தார். தேங்காய் உடையவில்லை. சகுனம் கெட்டுவிடும் என்று மறுபடி அடித்தார். மூன்றாவது முறையும்... என்ன மாடம்மா, சுவரோரத்திலிருந்து விரல் காட்டுகிறாய், நாலு தடவையா? மன்னியுங்கள், அவருடைய பக்தியைக் குறைத்துச் சொல்லிவிட்டேன். நான்கு முறை! தேங்காய் கடைசிவரை உடையவே இல்லை. உள்ளே ஓடு நொறுங்கிய சத்தம் எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "திறந்து மாத்திருதேன் சார்" என்று அண்ணாச்சி கெஞ்சினார். நல்ல நேரம் முடிகிறது என்று அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

மஸ்கட்டில் ஐம்பத்தொன்பது பெட்டிகளில் ஒரு கீறல் இல்லை. ஒன்றில் மட்டும் பதினேழு ஓடுகள் தூள். உடனே ஓர் அறிக்கை. எழுதியவர் ஷிபு சார். குற்றம் கடலுடையதா? இல்லை. தேங்காயுடையதா? சிவ சிவா, இல்லவே இல்லை! 'பேக்கிங் குறைபாடு.' கட்டியவருக்கு வேலை போயிற்று. உடைத்தவருக்குக் கேடயம் வந்திருக்கிறது. கைதட்டுங்களேன், ஏன் தயக்கம்?

தம்பி, மைக்கை அணைத்தாலும் பரவாயில்லை. அது இல்லாமலும் எனக்குக் குரல் உண்டு.

இருபது நாளாக அண்ணாச்சி வேலை கேட்டுப் போகிற இடமெல்லாம், "ஓடு உடைச்ச ஆளல்லே?" என்கிறார்கள். பதினான்கு வருடம் பொருளைக் காத்த கை அது! வேலையைப் பறித்தீர்கள். அதோடு விட்டீர்களா? அந்தக் கையின் பெயரையும் கெடுத்தீர்களே!

உரிமையாளர் அவர்களே, அந்த அறிக்கையைக் கிழியுங்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு அண்ணாச்சி கிடங்கு வாசலுக்கு வருவார். கதவு திறந்தால் அவர் முன்னே, நாங்கள் பின்னே. திறக்காவிட்டால் கிடங்கில் வேலை செய்யும் நாங்கள் முப்பது பேரும் அவரோடு வெளியே. இரண்டாம் கப்பலுக்கு உரிய ஓடுகளை ஷிபு சாரே கட்டட்டும்.

நன்றி சொல்லத்தானே அழைத்தீர்கள்? அண்ணாச்சி, தலையை நிமிர்த்தி எழுந்து நில்லுங்கள். என் நன்றி உங்களுக்கு. மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம் மட்டும்.