ராணிக்கு வயதாகக் கூடாது

ஷிப்டு வேலை பார்க்கிறவனுக்குப் பொழுதுபோக்கு அமைவது கஷ்டம், சார். அதனால்தான் அந்த விளையாட்டைக் கவரைப்பேட்டைக்குக் கொண்டுவந்தேன். பகடையும் வாய்ப்பேச்சும்தான். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி அதற்குள் நுழைவார்கள். நடத்தியது நான். நீலத்துறை என்ற துறைமுகமும் அதை ஆளும் ராணியும் என் கற்பனை.

ஆடியவர்கள் இம்மானுவேல், சுகிர்தா, ஹனீப். மூவரும் எங்கள் ரப்பர் கம்பெனி ஆட்கள். அங்கே நான் சூப்பர்வைசர்.

நீலத்துறையில் எதுவும் மாறாது. கிடங்கை எரித்தாலும் அடுத்த ஞாயிறு முழுசாக நிற்கும். ஷிப்டில் மாட்டி ஒருவன் ஒரு மாதம் வராவிட்டாலும் அவன் விட்ட ஊர் அவனுக்காகக் காத்திருக்கும். இதில் என்ன தப்பு? இம்மானுவேலுக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாண்ணே, எரிச்ச கிடங்கு திரும்ப நிக்குது, செத்த திருடன் வந்து வணக்கம் சொல்றான். அப்ப நாங்க இன்னாத்துக்கு வெளையாடிக்கினு கீறோம்?"

சுகிர்தா சிரித்தாள். நினைத்தால் இப்போதும் எரிகிறது.

பிறகு எனக்கு ஞாயிறுகளிலும் வேலை விழுந்தது. திரும்பி வந்தபோது நீலத்துறையில் இருபது வருடம் ஓடியிருந்தது. இம்மானுவேல் நடத்தியிருக்கிறான். துறைமுகத்தை மணல் மூடிவிட்டதாம்.

"ராணி பூட்டாங்கண்ணே, வயசாயிடுச்சில்ல" என்றாள் சுகிர்தா. "நான் அழுதுட்டேன். சூப்பரா இருந்திச்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் ஊரில், என்னைக் கேட்காமல், என் ராணியைச் சாகடிக்க இவன் யார்? ஆனால் நான் கத்தவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வாரமே இம்மானுவேல் கலவை இயந்திரத்துக்குள் இறங்கி ரப்பரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். 'ஆள் உள்ளே' என்ற பலகையை சுவிட்சில் அவனே மாட்டியிருந்தான். நான் அதைக் கழற்றி ஓரமாக வைத்தேன். சுவிட்சைப் போட்டேன். விபத்து என்று கம்பெனி எழுதிக்கொண்டது.

அடுத்த ஞாயிறு ராணியை எழுப்பினேன். மணலை அகற்றினேன். இம்மானுவேலின் வீரனையும் கோட்டை வாசலில் பழையபடி நிறுத்தி, அவன் குரலில் நானே பேசினேன். சுகிர்தா என்னையே பார்த்தாள். பிறகு ஹனீபைக் கூட்டிக்கொண்டு எழுந்து போனாள். அவள்தான் உங்களிடம் வந்திருப்பாள்.

சுவிட்சைப் போட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொலை என்று எழுதாதீர்கள், சார். நான் எதையும் மாற்றவில்லை. எல்லாம் இருந்தபடியேதான் இருக்கிறது, அவர்கள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்தால் போதும்.