கீழே போன கம்பி

சாமி, ரேடியோவுக்கு இரண்டு கம்பி வேண்டும். ஒன்று மேலே போகும், ஒன்று கீழே போகும். மேலே போவதை ஊரே அண்ணாந்து பார்க்கும். கீழே போவதைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். நேற்று கொடிமரத்துக்குக் குழி தோண்டியபோது நடந்ததற்கு விளக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். நீங்கள் பங்குக்குப் புதியவர். அதனால் ரேடியோவிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் யாக்கோபு. இந்தக் கோவிலின் உபதேசியார். மணி அடிப்பதும் செபம் சொல்வதும் பூசைக்கு உதவுவதும் என் வேலை. எனக்கு முன்னால் சந்தனம் பார்த்தார். ஐம்பதாம் வருடம் மாதா சுரூபத்தின் வெள்ளிக் கிரீடம் காணாமல் போனது. சாவி சந்தனத்திடம் இருந்தது. அவர் வேட்டி மடிப்பில் எதையோ மறைத்துக்கொண்டு போனதைப் பார்த்ததாக என் மாமனார் சவேரியார் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார். ஊர் சந்தனத்தை விலக்கி வைத்தது. அவர் மனைவி ஜோதிமேரியைக் கூட்டிக்கொண்டு உச்சிப்புளிப் பக்கம் கூலி வேலைக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்தான், பாட்டுக் குரல் மட்டும் சுமார். மணி அடிக்க ஆள் வேண்டுமே என்று வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

ஐம்பத்தேழில் கோவிலுக்கு ரேடியோவும் மைக்கும் ஒலிபெருக்கிக் குழாயும் வந்தன. தூரத்து நிலையம் கிடைக்க வேண்டுமென்றால் எர்த் நன்றாக இருக்க வேண்டும், ஈரமான இடத்தில் உலோகத் தகடு ஒன்றைப் புதைத்துக் கம்பியைக் கட்டவேண்டும் என்றார் ராமநாதபுரத்து மெக்கானிக். சொன்னதோடு நில்லாமல் கிணற்றடியைத் தோண்டப் போனார். நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டு அவரைச் சாப்பிட அனுப்பினேன்.

அடுத்த வருடம் ஈஸ்டர் அன்று இலைகூட அசையவில்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. சாயங்காலம் நாலரைக்கு ரோமாபுரி கிடைத்தது. மணியோசை, ஜனங்களின் ஆரவாரம், பிறகு பாப்பரசர் லத்தீனில் கொடுத்த ஆசீர். அதை ரேடியோவில் அந்த நேரத்திலேயே கேட்டாலும் பாவ தண்டனை முழுதும் நீங்கும் என்று அப்போதிருந்த சாமியார் சொல்லியிருந்தார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் செய்யவேண்டும் என்றும் சொன்னார். அது யார் காதிலும் ஏறவில்லை.

சுற்றுவட்டாரத்தில் மற்ற பெட்டிகளுக்குக் கொழும்புதான் எட்டியது. எங்கள் பக்தியால்தான் ரோமாபுரி வருகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். மெக்கானிக்கோ, ஆகாயத்தில் ஓர் அடுக்கு இருக்கிறது, அலை அதில் முட்டித் திரும்புகிறது, சில வருடம் அந்த அடுக்கு ஏமாற்றிவிடும் என்றார். நான் இரண்டு பேச்சையும் மறுக்கவில்லை.

அறுபத்திரண்டில் அது ஏமாற்றியது. சவேரியார் அப்போது சாகக் கிடந்தார். ஈஸ்டர் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்புள, அந்தப் பொய்ச் சத்தியம் நெஞ்சுல முள்ளா நிக்கிது. இன்னைக்குப் பாப்பரசர் ஆசீரு காதுல விழுந்தா நிம்மதியாப் போயிருவேன். விழலன்னா, நாளைக்குச் சாமியாரு வரயில ஊருக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லி, சந்தனத்தைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிட்டுத்தான் போவேன்."

சாகப் போகிறவரின் ஆசை. நிறைவேற்றி வைப்பதுதானே மருமகனுக்கு அழகு.

நாலரை மணிக்குப் பெட்டியில் வெறும் இரைச்சல். உப்புக்காற்று பட்டால் கெட்டுவிடும் என்று சொல்லி அறைக் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பேன். மைக்கை எடுத்தேன். காய்ந்த பனையோலையை அதன் பக்கத்தில் கசக்கினால் கடல் கடந்து வருகிற சத்தம் அச்சாக வரும். வாயில் துண்டை வைத்துக்கொண்டு பூசை லத்தீனைச் சொன்னேன். நடுவில் லத்தீன் தீர்ந்துபோனது. இறந்தோர் பூசையில் வருவதைக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

கதவிடுக்கில் பார்த்தேன். மணலில் ஊரே முழங்கால் போட்டிருந்தது. கட்டிலோடு தூக்கி வந்திருந்த சவேரியார் கைகூப்பியிருந்தார். வேலிக்கு வெளியே, உச்சிப்புளியிலிருந்து நடந்து வந்த ஜோதிமேரி மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். என் குரலுக்கு யாரும் அப்படி அழுததில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் சாமியார் வந்தார். "பாப்பரசரே மன்னிச்சிட்டாரு, இனி இந்தச் சாமியாரு எதுக்கு?" என்று சொல்லிவிட்டுச் சவேரியார் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். புதன்கிழமை இறந்தார். முகத்தில் அவ்வளவு அமைதி. அதற்கு நான்தான் காரணம் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று கிணற்றடியில் கொடிமரக் குழி தோண்டிய தவசி கம்பியைப் பிடித்து இழுத்தான். நுனியில் மாதாவின் கிரீடம் வந்தது. ஆம் சாமி, ஐம்பதாம் வருடம் அதை எடுத்து அங்கே புதைத்தவன் நான்தான். எனக்காகத்தான் மாமனார் பொய்ச் சத்தியம் செய்தார், மகள் வாழவேண்டுமே. ஆனால் நான் அதை விற்கவில்லை, ஒரு குன்றிமணி வெள்ளிகூடக் குறையாது. எனக்கு வேண்டியிருந்தது உபதேசியார் வேலை மட்டும்தான். தகட்டுக்குப் பதிலாக அதிலேயே கம்பியைக் கட்டினேன். வெள்ளியைப் போல எர்த் கிடையாது. ஊர் ரோமாபுரியைக் கேட்டதில் அதற்கும் பங்குண்டு என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

சந்தனத்தைக் கூட்டிவர ஆள் போயிருப்பதாகச் சொன்னீர்கள். வரட்டும். பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக அவர் ஊரில்லாமல் அலைந்ததற்கு அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் சொன்னீர்கள். அதுதான் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அன்று ஆசீரைச் சொல்லி முடித்து மைக்கை அணைத்ததும் நானும் முழங்கால் போட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன். வெளியே இருந்தவர்களுக்குக் கிடைத்தது எனக்கும் அப்போதே கிடைத்துவிட்டது.