கடைசி மாடியில் நிறுத்திவைத்த ஆட்டம்

செம்பூரில் ரயிலேறி லேடீஸ் டப்பாவில் உட்கார்ந்ததுமே, பக்கத்து சீட்டுப் பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "இந்த வாரம் நாப்பது தடவ செத்துட்டேன்ட்டி."

நான் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தேன். அது டிவியில் ஆடும் பேய்க்கோட்டை கேம் என்று புரிய கொஞ்ச நேரமாயிற்று.

"எதுவரைக்கும் போன?"

"கடைசி மாடி. ரத்தம் குடிக்கிற சீமாட்டிக்கு முன்னால நிக்கேன்."

"அய்யோ! நான் மணிக்கூண்டயே தாண்டல. மணி அடிச்சதும் சுவத்துல உள்ள பொணமெல்லாம் கண்ணத் தொறக்கும் பாரு, அத வரைஞ்சவனக் கையெடுத்துக் கும்பிடணும்ட்டி."

"அது என்ன பெருசு! அந்தக் காலத்து கேம் மாதிரி கட்டம் கட்டமாத்தான் படம். ஆனா சீமாட்டி மெழுகுவத்தியோட திரும்புதப்ப எனக்கு மூச்சே நின்னுட்டு."

"பின்ன ஏன் விட்டுட்டு வந்த?"

"டூட்டிக்குப் போவாண்டாமா? அப்படியே நிறுத்தி வச்சிருக்கேன். இதுல சேவ் கெடையாது. வீட்டுக்காரவிய வந்து சுவிட்ச அணைச்சிட்டாவன்னா மொதல்லேருந்து ஆடணும்."

"போனப் போடு, பைத்தியக்காரி!"

அவள் போட்டாள். சுனாபட்டி ஸ்டேஷன் தாண்டியும் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டதும் புருஷன் எடுத்தார்.

"ஏங்க, வந்துட்டியளா? டிவிய அணைச்சிட்டியளா?"

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, போனைப் பொத்திக்கொண்டு தோழியிடம் திரும்பினாள்.

"அணைக்கலையாம்ட்டி. கதவத் தொறந்ததும் சீமாட்டி இவியளயே பாத்துட்டு நின்னாளாம். செருப்ப வாசல்லயே போட்டுட்டு, ஒரு மணி நேரமா சந்துல நிக்காவளாம்."